அடிபட்ட நாயை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: கோவையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நான், கணவர், 7 வயது மகன், 72 வயது மாமியார். ஊருக்கு வெளியே ஒரு விலங்குக் காப்பகத்தில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்றைப் பார்த்தோம். முன்பு வளர்த்தவர் அதை மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டுத் தடியால் அடிப்பாராம். ஆண்களைக் கண்டால் ஒடுங்குகிறது. வந்த புதிதில், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்த ஊழியர் ஒருவரைக் கடித்திருக்கிறது. என்னிடமும் மகனிடமும் வாலாட்டிக்கொண்டு வந்தது. விட்டுவர மனம் கேட்கவில்லை. கணவர்தான் தயங்குகிறார். மாமியார் கைத்தடி ஊன்றி நடப்பவர். தத்தெடுக்கலாமா?

பதில்: நாய் கடித்தது என்ற செய்தியைவிட, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் கைத்தடிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இன்றைய நிலையில் "சரி" என்று சொல்ல மாட்டேன். "வேண்டாம்" என்று சொல்லவும் அவசரமில்லை. அதற்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் அந்த நாயின் பழைய கதையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். காப்பகத்தார் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனால் பல சமயம் ஊகித்துத்தான் சொல்கிறார்கள். ஆண்களைக் கண்டு ஒடுங்கும் நாயைப் பார்த்ததுமே யாரோ அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி விடுகிறோம். நாய்க்குட்டி பிறந்து 3 முதல் 14 வாரங்களுக்குள் எதையெல்லாம் பார்த்து, மோந்து பழகுகிறதோ, அதையெல்லாம்தான் பிற்காலத்தில் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. அந்த வாரங்களை மொட்டை மாடியில் தனியே கழித்த குட்டிக்குக் குடை, ஹெல்மெட், லிஃப்ட், தாடிவைத்த மனிதர் எல்லாமே பயமுறுத்தும். யாரும் அதன்மேல் கை வைத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நாய் அடிவாங்கியதா, உலகம் பார்க்காமல் வளர்ந்ததா, இரண்டுமா என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. இன்று அது எதற்கு அஞ்சுகிறது, அஞ்சியபின் எவ்வளவு நேரத்தில் தேறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட முடியும். முடிவெடுக்க அதுதான் உதவும்.

கொடுமைப்பட்ட நாய் கட்டாயம் கடிநாயாகிவிடும் என்று உங்கள் கணவர் நினைத்தால், 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்திலிருந்து, சண்டைக்காக வளர்க்கப்பட்ட சுமார் 50 பிட்புல் நாய்களைக் கைப்பற்றினார்கள். அதுவரை இத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவதே வழக்கமாக இருந்தது. இம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்தார்கள். நீதிமன்றம் அவற்றுக்கென ஒரு பாதுகாவலரையும் நியமித்தது. மூர்க்கத்துக்காகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒரே ஒரு நாய். பல நாய்கள் குடும்பங்களோடு வாழப்போயின. மிகவும் சிக்கலானவை என்று கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு சரணாலயத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் சில எந்த வீட்டுக்கும் போகாமல் அங்கேயே ஆயுளைக் கழித்தன. இந்தக் கடைசிச் செய்தியை நாய்ப்பிரியர்கள் சொல்லாமல் விட்டுவிடுவது உண்டு. உங்களுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கடி. "கடித்தது" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயான் டன்பர் நாய்க்கடியை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல் படாமல் வெறுமனே பாய்வது முதல் நிலை. பல் பட்டும் தோலில் துளை விழாதது இரண்டாவது. ஒரே கடியில், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காத ஒன்று முதல் நான்கு துளைகள் விழுந்தால் மூன்றாவது. அதைவிட ஆழமாக இறங்கினால் நான்காவது. திரும்பத் திரும்பக் கடித்துக் குதறுவது ஐந்தாவது, ஆறாவது மரணம். முதல் இரண்டு நிலைகளில், நாய்க்குத் தன் வாயை அடக்கிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது என்று பொருள். நான்காவது நிலையில் கடித்த நாயைச் சிறுவன் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். எத்தனை பயிற்சி தந்தாலும் அந்த ஆபத்து முழுவதும் நீங்காது.

கடிபட்ட ஊழியரையே நேரில் கேளுங்கள். தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். நாகரிகம் பார்க்க வேண்டாம். கடிக்கும் முன் உறுமியதா? ஒரே கடியா, பலமுறையா? கடித்துவிட்டுப் பின்வாங்கியதா, தொங்கியதா? பயந்து கிடக்கும் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் எந்த நாயும் கடிக்கக்கூடும். அதை நான் பெரிய குற்றமாக எழுத மாட்டேன். ஆனால் உறுமாமல் கடிக்கும் நாய் சிக்கல்தான். உறுமியதற்காக முன்பு அடிவாங்கிய நாய் அப்படி மாறக்கூடும். நாளை உங்கள் வீட்டில் உறுமினாலும் அதட்டாதீர்கள். நாய் விடுக்கும் தெளிவான எச்சரிக்கை அதுதான்.

ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது போதாது. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வேளைகளில் போங்கள். ஒருமுறையாவது குடும்பம் முழுவதும் போக வேண்டும். கூண்டுக்கு வெளியே, அமைதியான இடத்தில் பாருங்கள். மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாயைச் "சாது" என்று நினைத்துவிடக் கூடாது. உறைந்துபோன நாயும் அப்படித்தான் இருக்கும். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெண்மை பிறை போலத் தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது ஆகியவை பதற்றத்தின் அடையாளங்கள்.

கைத்தடிச் சோதனையைக் காப்பக ஊழியரின் உதவியோடு செய்யுங்கள். முதலில் ஒரு தடியைத் தரையில் கிடத்தி, தொலைவிலிருந்து பார்க்க விடுங்கள். அடுத்து, சுமார் 20 அடி தள்ளி ஒருவர் அதை ஊன்றி மெதுவாக நடக்கட்டும். நாய் நடுங்குவதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். தடி மறைந்த சில நிமிடங்களில் உடம்பை உதறிக்கொண்டு, நீங்கள் போடும் கோழித்துண்டை எடுத்துத் தின்றால், அந்தப் பயத்தைப் படிப்படியாகக் குறைக்க வழியுண்டு. நெடுநேரமாகியும் உணவைத் தொடாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ, தடி வைத்திருப்பவரை நோக்கிப் பாய்ந்தாலோ, அந்த நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. உங்கள் மாமியார் நாள்தோறும் அதன் கண்ணெதிரே கைத்தடியோடுதான் நடப்பார். நாய் தினமும் நடுங்கும், அவர் தினமும் தடுக்கி விழப் பயப்படுவார். இருக்கட்டும், அவரிடம் யாராவது விருப்பம் கேட்டீர்களா?

உடல் பரிசோதனை இல்லாமல் எந்த முடிவும் வேண்டாம். வலியுள்ள நாய் கடிக்கும். காதுப்புண், மூட்டுவலி, பழைய எலும்பு முறிவு, உண்ணிக் காய்ச்சல் எதுவானாலும் நடத்தையை மாற்றிவிடும். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் நடந்ததற்கான சீட்டை வாங்குங்கள்.

இவையெல்லாம் சாதகமாக அமைந்தால், தத்தெடுக்காமல், முதலில் சில வாரங்கள் தற்காலிகமாக மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். சரிப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்குங்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் நாட்களில் திகைப்பு, சில வாரங்களில் வீட்டு வழக்கம், சில மாதங்களில்தான் உண்மையான குணம். பலர் முதல் வாரத்து அமைதியைக் கண்டு மகிழ்ந்து, நான்காம் வாரத்தில் வரும் உறுமலைக் கண்டு மிரண்டுபோகிறார்கள்.

தொடக்கத்தில் கடியைவிடப் பெரிய ஆபத்து ஓடிப்போவது. லிஃப்ட் கதவு திறந்த நொடியில் உருவிக்கொண்டு பாயும். கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் போட்டு, இரண்டு வாரில் பிடியுங்கள். அதற்கென ஓர் அறையோ மூலையோ ஒதுக்குங்கள். அங்கே மகன் போகக் கூடாது. நாய் சாப்பிடும்போது, தூங்கும்போது தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, பெரியவர் இல்லாமல் இருவரும் தனியே இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். முதல் நாளே குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளி நெருங்கும் மாதத்தில் அழைத்து வராதீர்கள். தடியையும் சங்கிலியையும் காட்டி "அடக்கும்" பயிற்சியாளர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பயம் மிக அதிகமானால் கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மனிதர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு கவனமாக இருந்தும் யாரையாவது கடித்துவிட்டால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். இந்த நாய் ஆண்களுக்கு அஞ்சுகிறது. ஆகவே அதற்குச் சோறு வைப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருக்க வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாகத் தரையில் உருட்டிவிட வேண்டும். நாய் தானாக வரும்வரை கை நீட்டக் கூடாது. அதற்கு மாதக் கணக்கும் ஆகலாம். உங்களுக்காகத் தலையாட்டுகிறவரால் இது முடியாது. அடுத்தமுறை காப்பகத்துக்கு அவரைத் தனியே அனுப்பி, ஒரு மணி நேரம் அந்தக் கூண்டின் அருகே உட்கார்ந்து வரச் சொல்லுங்கள். வந்தபிறகும் அவர் வேண்டாம் என்றால், அதே காப்பகத்தில் கைத்தடிக்கு அஞ்சாத வேறொரு நாயைப் பாருங்கள்.