சூத்திரம் தெரிகிறது, ஆண்டறிக்கை புரியவில்லை என்கிற மாணவருக்கு

வணிகவியல் இறுதியாண்டு, கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பக்கம் போக ஆசை, நிதி விகிதங்களின் சூத்திரமெல்லாம் அத்துப்படி, ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கோர்ஸில் சேரலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸ் அப்புறம். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், பணப்புழக்க அறிக்கை மூன்றையும் நீங்கள் மூன்று தனிப் பாடங்களாகப் படித்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். ஒன்றில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற இரண்டில் எது அசையும் என்று சொல்லத் தெரியாதவரை, எத்தனை சூத்திரம் தெரிந்தாலும் பயன் குறைவு.

நிதித்துறை நேர்காணல்களில் பழங்காலத்திலிருந்து கேட்கப்படும் ஒரு கேள்வி இதைத்தான் சோதிக்கிறது. தேய்மானம், அதாவது இயந்திரம் போன்ற சொத்தின் விலையில் அந்த ஆண்டுச் செலவாக எழுதும் பங்கு, 10 கூடினால் மூன்று அறிக்கையிலும் என்ன ஆகும்? வரி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். வரி 3 குறையும். நிகர லாபம் 7 குறையும். இது லாப நட்டக் கணக்கு. பணப்புழக்க அறிக்கை நிகர லாபத்தில் தொடங்குவதால் முதலில் 7 குறைகிறது. ஆனால் தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, எனவே அந்த 10ஐத் திரும்பக் கூட்டுகிறோம். ரொக்கம் 3 கூடிவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் இயந்திரங்களின் மதிப்பு 10 குறைந்து, ரொக்கம் 3 கூடி, சொத்துப் பக்கம் மொத்தத்தில் 7 குறைகிறது. எதிர்ப்பக்கத்தில், பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் ஈட்டி வைத்த லாபமும் 7 குறைகிறது. இரண்டு பக்கமும் சரி.

லாபம் குறைந்தது, ரொக்கம் கூடியது. இதை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு சரக்கிருப்பு 10 கூடினால், கடனுக்கு விற்றால், கடன் வாங்கி இயந்திரம் வாங்கினால் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரு வாரம் இதையே செய்தால், பல புத்தகங்கள் தராத தெளிவு வரும்.

அடுத்தது, லாபம் வேறு, பணம் வேறு. ஒரு நிறுவனத்தின் விற்பனை 80 கோடியிலிருந்து 100 கோடி ஆகிறது, நிகர லாபம் 12 கோடி. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 15 கோடியிலிருந்து 35 கோடிக்குப் போயிருக்கிறது. லாபம் 12, தேய்மானம் 3, இரண்டையும் கூட்டி, பாக்கியில் கூடிய 20ஐக் கழித்தால் மைனஸ் 5. வேறு எதுவும் மாறவில்லை என்றால் தொழிலிலிருந்து வந்த பணம் அவ்வளவுதான். சம்பளமும் வட்டியும் பணத்தில்தானே கொடுக்க வேண்டும்? நாள் கணக்கில் பார்த்தால் பாக்கி வசூலாக எடுக்கும் காலம் சுமார் 68 நாளிலிருந்து 128 நாளுக்குப் போயிருக்கிறது. விற்பனை கால்பங்கு வளர, பாக்கி இரண்டு மடங்குக்கும் மேல் வளர்வது ஏன் என்று கேட்பவர்தான் பகுப்பாய்வாளர். பதில் நல்லதாகவும் இருக்கலாம், ஆண்டுக் கடைசியில் சரக்கைத் தள்ளிவிட்டதாகவும் இருக்கலாம். எண் கேள்வியைத்தான் தரும். பதிலை நீங்கள்தான் தேட வேண்டும்.

சரி, பணப்புழக்க அறிக்கையை மட்டும் நம்பிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. அமெரிக்காவின் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் இதற்கு நல்ல பாடம். பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணம் அன்றாடச் செலவு. அதை அவர்கள் சொத்து என்று எழுதினார்கள். செலவு சொத்தானால் அது பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பரவும், இந்த ஆண்டு லாபம் வீங்கும். அத்தோடு அந்தப் பணம் பணப்புழக்க அறிக்கையின் தொழில் நடவடிக்கைப் பகுதியிலிருந்து முதலீட்டுப் பகுதிக்குத் தாவிவிடுவதால், தொழிலிலிருந்து வரும் பணமும் செழிப்பாகத் தெரியும். 2002 ஜூனில் சுமார் 380 கோடி டாலர் இப்படித் தவறாக எழுதப்பட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. அடுத்த மாதமே திவால் மனு. அதனால்தான் தொழிலிலிருந்து வந்த பணத்தில் மூலதனச் செலவை, அதாவது இயந்திரம் போன்ற சொத்து வாங்கப் போன பணத்தை, கழித்து, மிஞ்சும் தொகையையும் பார்க்கச் சொல்கிறேன். எந்தப் பகுதியில் எழுதினாலும் அந்தக் கணக்கில் அது கழிந்துவிடும். இந்த மோசடியைத் தோண்டி எடுத்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு. பலர் சலிப்பான வேலை என்று ஒதுக்கும் துறை அது. நான் அப்படி நினைக்கவில்லை.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ் என்ற பாடமே மூன்று கேள்விகளில் அடங்கும். பணத்தை எதில் போடுவது, அதை எங்கிருந்து திரட்டுவது, மிஞ்சியதை என்ன செய்வது. முதல் கேள்விதான் கனமானது. இன்று 100 போட்டால் ஓராண்டு கழித்து 115 வரும் என்கிறது ஒரு திட்டம். மூலதனத்துக்கு ஆகும் செலவு, அதாவது பணம் தந்தவர்கள் எதிர்பார்க்கும் வருமானம், 10 சதவீதமானால் அந்த 115இன் இன்றைய மதிப்பு சுமார் 104.5. செய்யலாம். செலவு 18 சதவீதமானால் 97.5தான், விட்டுவிடலாம். இரண்டிலும் கணக்குப்படி லாபம் 15தான். லாபம் வருகிறதே என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பங்குதாரர் பணம் இலவசம் என்று நினைப்பதுதான் மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை. வட்டி கொடுக்கவில்லை என்பதால் அது இலவசமாகிவிடாது. அதே அளவு அபாயமுள்ள வேறு இடத்தில் போட்டிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் அதன் விலை. கடன் மலிவு, அப்படியானால் முழுக்கக் கடனிலேயே நடத்தலாமே என்று நேர்காணலில் மடக்குவார்கள். கடன் ஏற ஏற பங்குதாரரின் அபாயமும், அவர் எதிர்பார்க்கும் வருமானமும் ஏறும் என்பதே பதிலின் தொடக்கம். பொருளாதார அறிஞர்கள் மோடிகிலியானியும் மில்லரும் 1958இல் காட்டியது இதுதான். வரியும் திவால் செலவும் இல்லாத உலகில், கடன் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பது நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது. நிஜத்தில் அவை இரண்டும் இருப்பதால்தான் கேள்வியே எழுகிறது.

விகிதங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பங்கு மூலதனத்தின் மீதான வருமானம் இரண்டு நிறுவனங்களுக்கும் 20 சதவீதம். ஒன்றில் லாப வரம்பு (விற்பனையில் நிகர லாபத்தின் பங்கு) 10 சதவீதம், சொத்துச் சுழற்சி (சொத்தைப் போல் விற்பனை எத்தனை மடங்கு) 1 மடங்கு, சொத்து பங்கு மூலதனத்தைப் போல் 2 மடங்கு. இன்னொன்றில் 2 சதவீதம், 2.5 மடங்கு, 4 மடங்கு. பெருக்கினால் இரண்டும் 20தான். இரண்டாவது நிறுவனம் கடன் உள்ளிட்ட பொறுப்புகளின் மேல் நிற்கிறது. லாப வரம்பு கொஞ்சம் சரிந்தாலும் ஆட்டம் காணும். டூபாண்ட் முறை என்று இதைத்தான் சொல்வார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். பங்குச்சந்தையில் பட்டியலான, உங்களுக்குப் புரிகிற தொழில் செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியும் காப்பீடும் வேண்டாம், அவற்றின் கணக்கு அமைப்பே வேறு. ஐந்து ஆண்டு அறிக்கைகளை இறக்கி, எண்களை எக்செலில் கையால் தட்டச்சு செய்யுங்கள். தயாராகக் கிடைக்கும் தரவை ஒட்டாதீர்கள், தட்டும்போதுதான் எண்களின் மாற்றம் கண்ணில் படும். முதலில் தணிக்கையாளர் அறிக்கை, அடுத்து பணப்புழக்கம், பிறகு மற்ற இரண்டு, அதன்பின் கணக்குகளோடு வரும் விளக்கக் குறிப்புகள். கடன் எப்போது திருப்ப வேண்டும், தொடர்புடைய நபர்களோடு என்ன கொடுக்கல் வாங்கல், கணக்குக் கொள்கை ஏதாவது மாறியதா என்பதெல்லாம் குறிப்புகளில்தான் இருக்கும். தலைவர் உரையைக் கடைசியில் படியுங்கள். சர்வதேசத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் பின்பற்றும் நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து ஐஎஃப்ஆர்எஸ் 18 வருகிறது, லாப நட்டக் கணக்கின் அமைப்பு மாறும். பழைய ஆண்டோடு ஒப்பிடும்போது இது நினைவிருக்கட்டும். முடித்ததும் அந்த நிறுவனத்தைப் பற்றி இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்.

கோர்ஸை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். இந்த நிறுவனம் கடனைத் திருப்புமா என்ற கேள்வி உங்களை இழுத்திருந்தால் வங்கியிலோ தர மதிப்பீட்டு நிறுவனத்திலோ கடன் பகுப்பாய்வு. பங்கின் மதிப்பு என்ன என்று கணக்குப் போடப் பிடித்திருந்தால் ஈக்விட்டி ரிசர்ச், அதற்கு முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான மூன்று நிலைத் தேர்வான சிஎஃப்ஏ பொருந்தும். குறிப்புகளில் ஓட்டை தேடப் பிடித்திருந்தால் தணிக்கை, அதற்குக் கணக்காளர் படிப்பு. அடுத்த ஆண்டு எண்களை ஊகிக்கப் பிடித்திருந்தால் நிறுவனங்களின் திட்டமிடல் பிரிவு, அங்கே சான்றிதழைவிட எக்செல் கைப்பழக்கம் பெரிது. குறுகிய காலத்தில் எல்லாம் கற்றுத் தருவதாகச் சொல்லும் நிதி மாடலிங் (எக்செலில் நிறுவனத்தின் எதிர்கால எண்களைக் கணிக்கும்) பயிற்சிக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம்.

நேர்காணலுக்கு அந்த இரண்டு பக்கக் குறிப்பை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு எண்ணும் அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதி வைத்திருங்கள், கட்டாயம் கேட்பார்கள்.