எக்ஸாம்ப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெயர் வைக்க வேண்டுமா?

விண்டோஸ் கணினியில், தளங்களை அங்கேயே இயக்கிப் பார்க்க உதவும் எக்ஸாம்ப்பை நிறுவி, எல்லாத் தளங்களையும் அதன் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் தனித்தனி ஃபோல்டர்களாக வைத்து, உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் வழியாகத் திறந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

சாய்கோட்டில் தொடங்கும் பாதை எப்போதும் அந்தப் பெயருக்குரிய முதல் ஃபோல்டரிலிருந்தே தேடப்படும்; லோக்கல்ஹோஸ்ட்டுக்கு அது எச்டிடாக்ஸ். உங்கள் தளமோ அதற்கு ஒரு படி கீழே இருப்பதால், இணையத்திலுள்ள சர்வரில் ஒழுங்காகத் தெரியும் படமும் ஸ்டைல்ஷீட்டும் உங்கள் கணினியில் காணாமல் போகும். அதற்காகப் பாதையை மாற்றினால், சர்வரில் ஏற்றும்போது மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும். குக்கி விஷயம் இன்னும் தொல்லையானது. எல்லாத் தளங்களும் ஒரே பெயரில் திறப்பதால் லாகினை நினைவில் வைக்கும் பிஎச்பியின் செஷன் குக்கியும் பொதுவாகிவிடும். ஒரு தளத்தின் லாகின் இன்னொன்றில் தலைகாட்டும், காரணம் தெரியாமல் கோடில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸாம்ப்பில் தளங்களைத் திறந்து தரும் சர்வரான அப்பாச்சியின் கான்ஃப் ஃபோல்டருக்குள், எக்ஸ்ட்ராவில் உள்ள விஹோஸ்ட்ஸ் ஃபைலில் தளத்துக்கு ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட், அதாவது எந்தப் பெயருக்கு எந்த ஃபோல்டர் என்று சொல்லும் பகுதி, எழுதுங்கள். பெயர் பொருந்தாத கோரிக்கைகள் அனைத்தும் முதலில் எழுதப்பட்ட ஹோஸ்ட்டுக்கே போகும் என்பதால், முதல் இடத்தை லோக்கல்ஹோஸ்ட்டுக்கே கொடுங்கள். இல்லையென்றால் டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினுக்குப் போகும் உங்கள் வழக்கமான முகப்புப் பக்கம் மறைந்து, வேறு தளம் வந்து நிற்கும். தளத்தின் ஃபோல்டர் எச்டிடாக்ஸுக்கு வெளியே இருந்தால், அதற்கு அனுமதி தரும் வரியையும் சேர்க்க வேண்டும். தவறினால் 403 பிழை வரும். பிறகு நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் உங்கள் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற எண்ணுக்கு எதிரே அந்தப் பெயரை எழுதிச் சேமித்து, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள்.

பெயர் டாட் டெஸ்ட் என்று முடியட்டும். சோதனைக்காகவே 1999-இல் ஒதுக்கப்பட்ட முடிவு அது; இணையத்தில் யாருக்கும் விற்கப்படாது. பழைய வழிகாட்டிகள் சொல்லும் டாட் டெவ் வேண்டாம். அது கூகுளுக்குரியது; 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல், அந்தப் பெயர்கள் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் திறப்பதில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். கேமரா, இருப்பிடம் போன்ற வசதிகளை பிரவுசர்கள் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இல்லாமலே அனுமதிக்கும். டாட் டெஸ்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவை தேவைப்படும் தளத்துக்கு எம்கேசெர்ட் என்ற கருவியைக் கொண்டு சான்றிதழ் உருவாக்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் கணினியில் வைக்கும் ரூட் சாவியை மட்டும் எவருக்கும் அனுப்பாதீர்கள்.