பிறப்புச் சான்றிதழுக்கு ஜெனீவா எதற்கு?

கேள்வி: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். என் மகனுக்கு ஆறு வயது. வீட்டிலேயே பிறந்தான், பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டோம். பள்ளியில் சான்றிதழ் கேட்கிறார்கள். “அகதிப் பிள்ளைக்கு இங்கே பதிய மாட்டார்கள். ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவுக்கு மனுப் போட்டால் இந்தியக் குடியுரிமையோடு சான்றிதழ் வரும்” என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? நானும் மண்டபம் முகாமில் பிறந்தவள்தான்.

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள், சகோதரி.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஏமாறுகிறோம். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. பிறந்தவுடன் பதிவு, பெயர், குடியுரிமை பெறும் உரிமை ஆகியவற்றை அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் எந்த நாட்டவர் என்று பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது 2-ஆம் பிரிவு. ஆனால் தனிமனிதர் ஜெனீவாவிலுள்ள குழுவிடம் முறையிட வழிசெய்வது 2014-இல் நடைமுறைக்கு வந்த வேறொரு நெறிமுறை. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே உங்கள் மனுவை அந்தக் குழு விசாரணைக்கு எடுக்காது. அவர் காட்டப்போகும் ரசீது தபால் அலுவலகம் தந்ததாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது உள்ளூரிலேயே இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இந்திய மண்ணில் நடந்த எல்லாப் பிறப்புக்கும் பொருந்தும். தாய் தகப்பன் எந்த நாட்டவர் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஓராண்டு கடந்துவிட்டதால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நகராட்சிக்குள் இருந்தால் நகராட்சியில், ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்குங்கள். கர்ப்ப காலத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிந்த அட்டை, தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவேட்டின் நகல், முகாம் அட்டை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கட்டணம் சொற்பம். நடை அதிகம்! ஆறு வருடத்தில் ஒருநாள் முகாமுக்குள் மேஜை போட்டு உட்கார்ந்து பதிந்திருந்தால் இந்தத் தரகருக்கு வேலையே இருந்திருக்காது.

இன்னொரு பொறி, நோட்டரி முத்திரை போட்ட பிரமாணப் பத்திரம். அது பிறப்புச் சான்றிதழ் ஆகாது. போலிச் சான்றிதழும் அப்படித்தான். என்னிடம் வந்த ஒரு தகப்பனார் லேமினேட் செய்த சான்றிதழை மஞ்சள் பையிலிருந்து பத்திரமாக எடுத்துக் காட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். பதிவு எண்ணைத் தேடினால் வேறொரு ஊர்ப் பெண் குழந்தையின் பெயர் வந்தது.

பள்ளிக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்கிறது. தலைமையாசிரியரிடம் அதை எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

குடியுரிமை வேறு கதை. பிறப்புச் சான்றிதழில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. ஆனால் போகிற போக்கில் மண்டபத்தில் பிறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, தேதி எங்கே? 1987 ஜூன் 30 அல்லது அதற்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகள். மறுநாள் ஜூலை 1 என்றால் தாயோ தகப்பனோ இந்தியராக இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நாள்! 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரும்படி 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது இந்த விதியை வைத்துத்தான். நீங்களும் அந்தப் பக்கம் என்றால் உங்கள் வழக்கே வேறு. மகனுக்கு அது தானாக வந்துவிடாது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரைச் சட்டம் அப்படித்தான் அழைக்கிறது, உயிருக்குப் பயந்து வந்திருந்தாலும்.

சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் மகனுக்கு இலங்கைக் குடியுரிமை கேட்பதாக இருந்தாலும் இதே பிறப்புச் சான்றிதழ்தான் முதலில் வேண்டும். அதற்குள் உங்கள் பிறந்த தேதியை முகாம் பதிவேட்டில் உள்ளபடி எனக்கு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.