தேசிய வர்த்தக சபையில் சேரலாமா?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். என் கணவர், மைத்துனர், நாலு ஆட்கள். போன மாதம் ஒருவர் ஃபைலோடு வீட்டுக்கு வந்தார். டெல்லியில் இருக்கும் தேசிய வர்த்தக சபையில் சேர்ந்தால் ஏற்றுமதி ஆர்டர் வரும், ஜிஎஸ்டி பிரச்சினை தீரும், சென்னைக் கடைகளில் நிற்கிற பாக்கியும் வசூலாகும் என்றார். சேர்க்கைக் கட்டணமும் சந்தாவும் சேர்த்தால் ஒரு ஐந்தடி விளக்கின் விலை. மகன் சேரலாம் என்கிறான். "டெல்லிக்காரனுக்கு நம்ம பட்டறை எங்கே தெரியப்போகுது?" என்கிறார் அவன் அப்பா. உண்மையில் இந்தச் சபைகள் என்னதான் செய்கின்றன?
– ஒரு வாசகி, நாச்சியார்கோவில்

பதில்: சகோதரி, வண்டல் மண்ணில் அச்செடுத்து, வார்த்து, கடைசல் பிடித்து, பாலிஷ் போட்ட ஒரு முழு விளக்கு அது. யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். வந்தவர் சொன்ன மூன்றில் ஒன்றரைதான் சபையின் வேலை.

பெயரில் 'தேசிய' என்று இருப்பதால் அது அரசு அலுவலகம் ஆகிவிடாது. வியாபாரிகளும் தொழிற்சாலைக்காரர்களும் சந்தா போட்டு நடத்துகிற சங்கம், அவ்வளவுதான். சென்னையில் 1836-லேயே ஒரு வர்த்தக சபை (சேம்பர்) வந்துவிட்டது, ஆனால் அது வெள்ளைக்கார வியாபாரிகளுடையது. நம்மவர்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபையை பிட்டி தியாகராயர் தொடங்கியது 1909-ல். 1927-ல் காந்தியின் யோசனைப்படி பிர்லாவும் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸும் அகில இந்திய அளவில் ஃபிக்கி என்ற வர்த்தக சபைக் கூட்டமைப்பை ஆரம்பித்தார்கள். அந்த நாளில் பெரிய சண்டை, ஒரு ரூபாய்க்கு எத்தனை பிரிட்டிஷ் பென்ஸ் என்பது. நம் வியாபாரிகள் 16 கேட்டார்கள். வெள்ளைக்கார அரசு 18 என்று சட்டமே போட்டது. தோற்றார்கள்தான். ஆனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கோடு எழுதிக் கொடுத்துவிட்டுத் தோற்றார்கள். இன்றைக்கும் தேசிய சபையின் முக்கிய வேலை அதுதான்: கணக்கோடு எழுதி, முடிவெடுக்கிறவர் மேஜைக்குக் கொண்டுபோவது.

அதுவும் முடிவெடுப்பதற்கு முன்னால் போக வேண்டும். நம் பக்கத்து அரிசியையே பாருங்கள். பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு, 25 கிலோ வரை 5 சதவீத வரி என்று 2022 ஜூலை 18 முதல் வந்தது. இரண்டு நாள் முன்னால் ஆலைக்காரர்களும் அரிசிக் கடைக்காரர்களும் கடையடைத்தார்கள். ஆனால் வரி விகிதத்தை முடிவு செய்கிற ஜிஎஸ்டி கவுன்சில் ஜூன் கடைசியிலேயே கூடி முடிவு பண்ணிவிட்டது. அதன் பிறகு தஞ்சாவூரில் நான் வாங்கிய சிப்பத்தில், அச்சடித்திருந்த 25-ஐ மார்க்கரால் அடித்து 26 என்று எழுதியிருந்தது. "ஒரு கிலோ ஜாஸ்திக்கா, வரி கிடையாது" என்று சிரித்தார் கடைக்காரர். எடையளவு விதிகளுக்குள் வருகிற பைக்குத்தான் அந்த வரி. அந்த விதிகள் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்குப் பொருந்தாது. அந்தச் சந்தில் பிறந்ததுதான் 26 கிலோ சிப்பம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மாதம் பத்துக் கிலோ வாங்குகிற குடும்பத்துக்கு அதனால் பிரயோஜனமில்லை.

பட்ஜெட்டுக்கு முன் மத்திய நிதியமைச்சர் தொழில் அமைப்புகளைக் கூப்பிட்டுப் பேசுவார். ஃபிக்கி, அசோசெம், சிஐஐ போன்றவை போவது அங்கேதான். ஜிஎஸ்டிக்கு வேறு கணக்கு. கவுன்சிலில் மத்திய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு இரண்டு பங்கு. அதனால் சென்னையில் மாநில நிதியமைச்சர் கையில் மனு போவதும் டெல்லிக்குப் போவதற்குச் சமம். உங்கள் ஜிஎஸ்டி பிரச்சினை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. ரிட்டர்ன் தாக்கல் தகராறு என்றால் ஆடிட்டரைப் பாருங்கள். விளக்குக்குப் போடும் வரி விகிதமே தப்பு என்றால் அது சபைக்கான விஷயம். அப்போதும் ஒற்றைப் பட்டறையாகப் போகாதீர்கள், ஊர்ப் பட்டறைகள் சேர்ந்து ஒரே தாளில் போங்கள்.

ஏற்றுமதிக்கு வருவோம். ஆர்டர் பிடித்துத் தருவது சபையின் கடமை இல்லை. அறிமுகக் கூட்டம், கண்காட்சி நடத்துவார்கள். மீதி உங்கள் மகன் சாமர்த்தியம். காகித வேலையில்தான் சபை உண்மையாக உதவும். சரக்கு இந்தியாவில் செய்தது என்கிற மூலச் சான்றிதழை, அரசு அங்கீகரித்த பல உள்ளூர் சேம்பர்களே தருகின்றன. மலேசியா போல வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டில் இறக்குமதி வரி குறைய வேண்டுமானால் அதற்குச் சான்று வேறு, அது அரசு முகமைகளில் வாங்குவது. விளக்குகளை வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், வரி கட்டாமல் திருப்பிக் கொண்டுவர ஏடிஏ கார்னெட் என்று ஒரு ஆவணம் உண்டு. இந்தியாவில் அதைத் தருவது ஃபிக்கி. விற்கப் போகிற சரக்குக்கு அது ஆகாது. இதற்கெல்லாம் முன்னால், 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண்ணை மகன் பெயரிலோ பட்டறை பெயரிலோ வாங்குங்கள். கைவினைப் பொருளுக்கென்றே ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில் தனியாக இருக்கிறது. ஏற்றுமதிதான் நோக்கம் என்றால், அங்கே கட்டுகிற சந்தா இந்தச் சபைச் சந்தாவைவிட முக்கியம்.

பாக்கி வசூல்? அந்த மனிதர் அளந்தது இங்கேதான். எந்தச் சபையும் உங்களுக்காகக் கடை ஏறி வசூல் செய்யாது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் உற்பத்தியாளர், வெறும் வியாபாரி இல்லை. சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கிற 'வங்கி விகித'த்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கிற வசதி மன்றம் திருச்சியிலும் உண்டு. போதாததற்கு, காலத்தில் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்றும் விதி வந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பில்லின் அடியில் அச்சடித்துப் பாருங்கள், கடைக்காரரின் ஆடிட்டரே அவரை விரட்டுவார்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய சந்தா கட்டுகிற பெரிய கம்பெனியின் குரல்தான் அங்கே முதலில் கேட்கும். கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருவது நமக்குப் புதிதா? அதனால் முதலில் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உள்ள உள்ளூர் சபையில் சேருங்கள். அது எந்த மாநில, தேசிய அமைப்போடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். இணைந்திருந்தால் உங்கள் மனு அந்த வழியாகவே மேலே போகும்.

ஃபைல்காரர் மறுபடி வந்தால் காபி கொடுங்கள், காசோலை வேண்டாம். பதிவு எண்ணையும் நிர்வாகிகள் பட்டியலையும் கேளுங்கள். போன வருடம் யாரிடம் என்ன மனு கொடுத்தார்கள், அதன் நகல் எங்கே என்றும் கேளுங்கள். பேச்சு 'சிறந்த தொழில்முனைவோர் விருது' பக்கம் திரும்பினால் கதவு வரை போய் வழியனுப்பிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய அந்த ஷீல்டு எங்கள் தெருவிலேயே இரண்டு கல்லாப்பெட்டி மேல் இருக்கிறது.