74 நாளில் 907 உயிர்

கேள்வி: 1982-இல் தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின. இரண்டரை மாதத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த தேர்தலில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் அமோகமாக ஜெயித்தார். உள்ளே ஆயிரம் சண்டை இருந்தாலும், இப்படி ஒரு சின்னப் போர் வந்தால் நாடு ஒன்றுபட்டுவிடுகிறதே! ஆட்களே இல்லாத தீவுக்காக நடந்தாலும் அது லாபம்தானே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆட்கள் இல்லை என்று யார் சொன்னார்கள்? அன்றைக்கு அங்கே சுமார் 1,800 பேர் இருந்தார்கள். ஆடு வளர்த்து, கம்பளி விற்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அவர்களில் மூன்று பெண்கள், ஸ்டான்லி நகரில் ஒரு வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தபோது இறந்தார்கள். விழுந்த குண்டு அவர்களை மீட்க வந்த பிரிட்டிஷ் படையுடையது. அர்ஜென்டினா தரப்பில் 649 பேர் செத்தார்கள், பிரிட்டன் தரப்பில் 255 பேர். அந்த மூன்று பெண்களையும் சேர்த்து மொத்தம் 907. இதைச் சின்னப் போர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, நாடு ஒன்றுபட்டது என்கிறீர்களே, அதைப் பார்ப்போம். அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே பிளாசா டி மாயோ என்றொரு சதுக்கம் இருக்கிறது. 1982 மார்ச் 30 அன்று தொழிற்சங்கத்தார் 'சமாதானம், ரொட்டி, வேலை' என்று கோஷம் போட்டுக்கொண்டு அங்கே கிளம்பினார்கள். விலைவாசி ஒரே ஆண்டில் இரட்டிப்புக்கு மேல் ஏறியிருந்த நேரம். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி, அடித்து விரட்டி, கிடைத்தவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றியது. ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா படை தீவில் இறங்கியது. அதே சதுக்கம் கொடியும் ஆட்டம்பாட்டமுமாக நிரம்பி வழிந்தது. ராணுவ ஆட்சியின் தலைவர் கால்டியேரி மாளிகை பால்கனிக்கு வந்து கையசைத்தார்.

இடையில் மூன்றே நாள். அதற்குள் விலை இறங்கவில்லை, யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. 1976-இல் ஆட்சியைப் பிடித்தது முதல் ராணுவம் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளும் வீடு திரும்பவில்லை. காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்று அந்நாட்டு மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அவர்களின் தாய்மார்கள் வெள்ளை முக்காடு போட்டு வியாழக்கிழமைதோறும் சுற்றி வந்ததும் அதே சதுக்கத்தைத்தான். போர் நடந்தபோதும் அவர்கள் வீட்டில் உட்காரவில்லை. அர்ஜென்டினாக்காரர்கள் அந்தத் தீவுகளை மால்வினாஸ் என்பார்கள். "மால்வினாஸ் அர்ஜென்டினாவுடையது, காணாமல் போனவர்களும்தான்" என்று அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். ஊரே கொடி பிடிக்கும்போது அப்படி ஓர் அட்டையைத் தூக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! நீங்கள் சொல்லும் ஒற்றுமைக்குள் அந்தத் தாய்மாருக்கு இடம் இருந்ததா?

இன்னொரு ஆளையும் தெரிந்துகொள்ளுங்கள். கடற்படை அதிகாரி அல்ஃபிரடோ அஸ்டிஸ். தன் சகோதரனைக் காணவில்லை என்று பொய் சொல்லி அந்தத் தாய்மார்களின் கூட்டத்துக்குள் நுழைந்து, 1977-இல் அவர்களில் சிலர் கடத்திக் கொல்லப்படக் காரணமானவர். போரில் இவரைத்தான் தெற்கு ஜார்ஜியா தீவில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். ஏப்ரல் கடைசியில் பிரிட்டிஷ் படை வந்ததும் சண்டையே போடாமல் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். நிராயுதபாணியான பெண்களிடம்தான் அந்த வீரமெல்லாம்.

குண்டுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் வேறு. கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 18, 19 வயதுப் பையன்கள். பலர் கோரியன்டெஸ், சாக்கோ போன்ற வடக்கத்தி மாகாணங்களின் வெயிலில் வளர்ந்தவர்கள். தீவில் அப்போது குளிர்காலம் தொடங்கிவிட்டது. மண்ணோ கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் சேறு. ஈரம் காயாத பூட்ஸுக்குள் நாள்கணக்கில் கிடந்து கால் வீங்கி மரத்துப் போய், நடக்க முடியாமல் ஆனவர்கள் நிறைய. ஸ்டான்லி கிடங்கில் சாப்பாட்டு மூட்டைகள் அடுக்கிக் கிடக்க, மலைமேல் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. பசி தாங்காமல் ஓர் ஆட்டைப் பிடித்து அறுத்த பையன்களை அவர்களுடைய அதிகாரிகளே கையையும் காலையும் முளைக்குச்சியில் கட்டி, உறைந்த தரையில் மணிக்கணக்கில் மல்லாக்கப் போட்டார்கள். அந்தக் கொடுமைக்காகத் தங்கள் அதிகாரிகள் மீதே அந்த முன்னாள் வீரர்கள் 2007-இல் புகார் கொடுத்தார்கள். எதிரி கட்டிப்போட்டிருந்தால் அது போர்க் குற்றம். சொந்த அதிகாரி கட்டிப்போட்டதை நாட்டுப்பற்று என்பீர்களா?

தாட்சர் விஷயத்துக்கு வருகிறேன். படையை அனுப்பியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் ஆக்கிரமித்தது அர்ஜென்டினா. படையை உடனே வாபஸ் வாங்கு என்று ஐ.நா. பாதுகாப்பு சபை மறுநாளே 502-ஆம் தீர்மானம் போட்டது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அதே தாட்சர் அரசு என்ன செய்தது? புதிய குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தீவுவாசிகளில் பலருக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் ஆக்கியது. செலவு மிச்சம் என்று அந்தக் கடலில் இருந்த ஒரே ரோந்துக் கப்பல் எண்டியூரன்ஸையும் திரும்ப அழைக்க முடிவெடுத்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு, அப்புறம் 13,000 கிலோமீட்டர் தாண்டி நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை அனுப்பினார்கள். (அந்தப் படையின் தலைமைக் கப்பல் ஹெர்ம்ஸ்தான் பின்னாளில் 'விராட்' என்ற பெயரில் நம் கடற்படையில் 30 ஆண்டு இருந்தது.) மே 2 அன்று ஜெனரல் பெல்கிரானோ கப்பலை பிரிட்டனின் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தபோது, அந்தக் கப்பல் பிரிட்டனே அறிவித்திருந்த தடைப் பகுதிக்கு வெளியே, தீவுகளுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 323 பேர் இறந்தார்கள். அர்ஜென்டினா இழந்த உயிரில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரு மாலையில் போனது. அந்த ஆண்டு வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டி, மக்களின் கோபத்துக்கு ஆளாகியிருந்த தாட்சருக்கு 1983 தேர்தல் வெற்றி கிடைத்தது உண்மைதான். அதை லாபக் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. 1971-இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. அதன்படி அர்ஜென்டினா ஸ்டான்லியில் விமான ஓடுதளம் போட்டுக்கொடுத்து, விமானமும் விட்டது. எண்ணெய் அங்கிருந்துதான் வந்தது. தீவுக்காரர்கள் வைத்தியத்துக்கு அர்ஜென்டினா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சில பிள்ளைகள் அங்கே படித்தார்கள். இறையாண்மையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டு, நிர்வாகத்தை நீண்ட காலக் குத்தகைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையை 1980-இல் பிரிட்டிஷ் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லியே கொண்டுவந்தார். தீவுக்காரர்களும் எம்.பி.க்களும் எதிர்த்ததால் அது அப்போது நின்றது. நின்றதே தவிர, போக்குவரத்து நிற்கவில்லை. இன்னும் 20 வருஷம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கால்டியேரி பொறுக்கவில்லை. ஜூன் 14 அன்று ஸ்டான்லியில் அவர் படை சரணடைந்தது, சில நாளில் அவர் பதவியும் போனது. 2013-இல் தீவில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்ட 1,517 பேரில் பிரிட்டனோடு இருக்க வேண்டாம் என்றவர்கள் 3 பேர். இதில் அர்ஜென்டினாவுக்கு வந்த லாபம் எது என்று நீங்களே எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.