அசுர வளர்ச்சியா, அடுக்கு வளர்ச்சியா? ஆண்டறிக்கையில் எதை எழுதுவது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் செயலாளர் நான். கடந்த நான்கு ஆண்டுகளில் நாங்கள் விற்ற தேன் 2,000, 3,000, 4,000, 5,000 கிலோ. ஆண்டறிக்கையில் ‘அசுர வளர்ச்சி’ என்று போடச் சொல்கிறார் தலைவி. ‘எக்ஸ்பொனென்ஷியல் வளர்ச்சி’ என்றால்தான் வங்கியில் மதிப்பார்கள் என்கிறார் பொருளாளர். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். பொருளாளர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். வங்கியில் உங்களை மாட்டிவிடக்கூடிய சொல் அதுதான்.

எக்ஸ்பொனென்ஷியல் என்பதை இணையத்தில் பலர் ‘அதிவேக’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சொல் வேகத்தைப் பற்றியதல்ல, வளரும் விதத்தைப் பற்றியது. ஒவ்வொரு ஆண்டும் முந்தைய அளவு ஒரே எண்ணால் பெருக்கப்பட்டால் அது அடுக்கு வளர்ச்சி. பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கிலோ ஆண்டுக்கு ஆயிரம் கிலோ கூடுகிறது, அவ்வளவுதான். அது கூட்டுத் தொடர்வரிசை. சதவீதமாகப் பார்த்தால் முதலில் 50, அடுத்து 33, அப்புறம் 25. விற்பனை ஏறுகிறது, வளர்ச்சி விகிதம் இறங்குகிறது. கடன் பிரிவில் இருப்பவர் கால்குலேட்டரில் இரண்டு தட்டு தட்டினால் தெரிந்துவிடும்.

அடுக்கு வளர்ச்சிக்கு உதாரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. பத்துத் தேனீப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கூட்டையும் இரண்டாகப் பிரித்தால் 20, 40, 80, 160 என்று போகும். பத்தாவது ஆண்டில் 10,240 பெட்டி! அப்படி யாரும் வைத்திருப்பதில்லை, வைக்கவும் முடியாது. ரப்பர் மரம் தளிர்விடும் மாதங்களில் தேனீக்களுக்குக் கிடைக்கும் மதுரத்துக்கும், அதாவது தேனாக மாறும் இனிப்புச் சாறுக்கும், ஓர் அளவு உண்டு. அதனால் அடுக்கு வளர்ச்சி ஏதோ ஒரு கட்டத்தில் நின்றே தீரும்.

இன்னொன்று, அடுக்கு வளர்ச்சி மெதுவாகவும் நடக்கும். 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணமும் அப்படித்தான் வளர்கிறது. ஆனால் இரட்டிப்பாகப் பத்து ஆண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதை யாராவது அதிவேகம் என்பார்களா?

சரி, அசுர வளர்ச்சி? பத்திரிகைகள் பாராட்டாகவே எழுதுகின்றன, மேடையில் நீங்களும் சொல்லலாம். ஆண்டறிக்கையில் அது வெறும் கருத்து. படிப்பவர் “எவ்வளவு?” என்று கேட்பார், அதற்குச் சொல்லில் பதில் இல்லை. ‘அபார’, ‘அபரிமித’, ‘நாலுகால் பாய்ச்சல்’ எல்லாம் இதே ரகம். ‘புற்றீசல் போல’ என்று மட்டும் தவறிக்கூட எழுதிவிடாதீர்கள். மழைக்குக் கிளம்பி உடனே மடிவது ஈசல். கண்ட இடத்தில் முளைக்கும் கடைகளைக் குறை சொல்லத்தான் அதைப் பயன்படுத்துகிறோம்.

இரட்டைக்கிளவிகளை இடம் பார்த்துப் போட வேண்டும். ஓணம் நெருங்கும்போது தோவாளையில் பூ விலை ‘கிடுகிடுவென’ உயர்ந்தது என்றால் பொருத்தம், ஏனென்றால் அது சில நாள் ஏற்றம். மழையில் பேச்சிப்பாறை நீர்மட்டம் ‘மளமளவென’ உயர்ந்தது என்பதும் அப்படியே. ஆனால் மளமளவென ஏறவும் செய்யும், சரியவும் செய்யும் என்பதால் பின்னால் வரும் வினையைக் கவனியுங்கள். நான்கு ஆண்டு நிதானமாக ஏறிய விற்பனைக்கு இவை ஒட்டாது. வினைச்சொல்லும் பொருளைப் பொறுத்தது. விலையும் நீர்மட்டமும் உயரும், எண்ணிக்கை பெருகும், நோய் பரவும். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தேனீக் கூடுகளை அழித்த தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய் ‘வளர்ந்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ‘மடங்கு’. 2,000 கிலோ 5,000 ஆனால் ‘இரண்டரை மடங்காக உயர்ந்தது’ என்பதே சரி. ‘இரண்டரை மடங்கு அதிகரித்தது’ என்று எழுதினால் ஏற்கெனவே இருந்த 2,000-த்தோடு இன்னும் 5,000 சேர்ந்து 7,000 ஆனதாகவும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ‘ஆக’ முக்கியம். சதவீதத்தில் சொன்னால் 150 சதவீத உயர்வு, 250 அல்ல. ‘பன்மடங்கு’ இங்கே மிகை. நான்கைந்து மடங்காவது தாண்டினால் போடலாம் என்பது என் கட்சி.

உங்கள் அறிக்கைக்கு இந்த இரண்டு வாக்கியம் போதும்: “நான்கு ஆண்டுகளில் எங்கள் தேன் விற்பனை 2,000 கிலோவிலிருந்து 5,000 கிலோவாக, அதாவது இரண்டரை மடங்காக உயர்ந்துள்ளது. ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து 1,000 கிலோ கூடியுள்ளது.” கடன் கொடுப்பவர் தேடுவது இந்தத் ‘தொடர்ந்து’ என்ற சொல்லைத்தான். தலைவிக்கு மனசு கேட்கவில்லை என்றால் ‘அசுர வளர்ச்சி’யை ஆண்டுவிழா பேனரில் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும்.