பேராசிரியர் பதவியா, நாடாளுமன்றமா?

கேள்வி: பாரிஸில் சட்டம் படிக்கும் என் மகளுக்கு முனைவர் பட்டம் முடித்துப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த ஆசை. அரசியலிலும் நாட்டம் இருக்கிறது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்றா?

பதில்: பிரான்சில் அப்படி விட வேண்டியதில்லை. அரசு ஊழியர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானால், பதவிக்காலம் முடியும்வரை வேலையிலிருந்து விலகி நிற்க வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு இதில் விலக்கு உண்டு. (கிழக்குப் பிரான்சின் அல்சாஸ்-மோசெல் பகுதியில் அரசு சம்பளம் வாங்கும் மதகுருமாருக்கும் உண்டு, மதச்சார்பின்மை பேசும் நாட்டில் இப்படியொரு விந்தை!) ஆனால் அமைச்சரானால் கதை வேறு. அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு வேறெந்த வேலையையும் அனுமதிக்காது.

உங்கள் மகள் ரொபேர் பதாந்தேரின் வாழ்க்கையைப் படிக்கட்டும். 1951இல் வழக்கறிஞர், 1965இல் அக்ரெகாசியோன் என்ற தேசியப் போட்டித் தேர்வில் வென்று சட்டப் பேராசிரியர். கொடுத்த தலைப்பில் 24 மணி நேரத்துக்குள் தயார் செய்து நடுவர்கள் முன் பாடம் நடத்தும் கட்டத்துக்குப் பெயர்போன தேர்வு அது. 1981 ஜூனில் நீதித்துறை அமைச்சரானபோது அவர் ஒருமுறைகூட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததில்லை. பிரான்சில் அது தடையே அல்ல.

மரண தண்டனையை ஒழித்தவர் என்றே அவரை உலகம் அறியும். 1981 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய அவையில் 363 பேர் ஆதரித்தனர், 117 பேர் எதிர்த்தனர். அது நீதிமன்றத்தில் பட்ட காயத்திலிருந்து பிறந்த வெற்றி. அவர் வாதாடியும் காப்பாற்ற முடியாத ரொஜே போந்தெம் 1972இல் கில்லட்டினுக்குப் பலியானார்.

அவருக்குள் இருந்த பேராசிரியரைப் பார்க்க வேண்டுமானால், அவர் அமைச்சராக இருந்து கொண்டுவந்த 1985ஆம் ஆண்டின் சாலை விபத்துச் சட்டத்தைத்தான் நான் காட்டுவேன். நடந்து போனவர் மீது வண்டி மோதினால், 'அவர் கவனமில்லாமல் குறுக்கே வந்தார்' என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் அவருடைய உடல் காயத்துக்கு இழப்பீடு தராமல் தப்ப முடியாது. நடந்து போனவர் செய்தது மன்னிக்க முடியாத தவறு என்பதோடு, விபத்துக்கு அது ஒன்றே காரணம் என்றும் நிறுவ வேண்டும். பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழே அல்லது 70 வயதுக்கு மேலே என்றால் அந்த வாதமும் எடுபடாது; வேண்டுமென்றே காயத்தைத் தேடிக்கொண்டிருந்தால்தான் இழப்பீடு போகும். யார் குற்றவாளி என்று தேடுவதை விட்டு, யாருக்குக் காயம் என்று கேட்கிற சட்டம் இது. இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தில் ஊறிய ஒருவருக்கே இந்தத் திருப்பம் கைவரும்.

பிறகு 1986 முதல் 1995 வரை, சட்டங்கள் அரசியல் சட்டத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் அரசியல் சட்ட அவையின் தலைவர், 1995 முதல் 2011 வரை செனட்டர்.

ஆகவே உங்கள் மகள் அவசரப்பட்டுக் கட்சி வேலையில் இறங்கிப் படிப்பைக் கோட்டைவிட வேண்டாம். நான் சொன்ன விலக்கு பேராசிரியர் நிலைக்கு உரியது. அந்த நிலையை முதலில் எட்டட்டும். குடியுரிமையையும் இப்போதே கவனியுங்கள். பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். தேசிய அவைத் தேர்தலில் நிற்கப் பிரெஞ்சுக் குடியுரிமை கட்டாயம்.